பொட்டு வைக்காத பாஸ்போர்ட்

வரலட்சுமி கல்யாணமாகி அயனம்பாக்கத்துக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் அவள் புருஷன் லோகநாதனுக்குச் சமைத்துப் போடாத நாட்கள் என்றால், பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருந்ததும் டைபாய்டு வந்து படுத்ததும்தான். லோகநாதன் அடுத்தவர் வீட்டில் கை நனைக்க மாட்டார். ஓட்டல் என்றால் முகம் எட்டு கோணலாகிவிடும். ஊரில் இதைப் பெருமையாகவே பேசுவார்கள். "லோகநாதன் பொண்டாட்டி கைப்பக்குவம் அப்டி" என்பார்கள். ஒருத்தியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்து புகழ்ந்தே அவளை ஆயுசுக்கும் அடுப்படியில் நிறுத்தி வைக்கலாம். இந்த வித்தை தெரியாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. காபி கலந்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் சரியாக ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். பாத்திரத்தில் அவளுக்கு இருக்காது. மறுபடி பால் வைக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிடுவாள். மருமகள் கிருஷ்ணப்பிரியா வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க உங்களை மட்டும் எண்ணறதே இல்ல" என்றாள். வரலட்சுமி சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்று முழுக்க அந்தப் பேச்சு அவளை விடவில்லை.

மகன் நிர்மலும் கிருஷ்ணப்பிரியாவும் அம்பத்தூரில் ஐடி வேலை பார்க்கிறவர்கள். அந்த வருஷம் குடும்பத்தோடு வெளிநாட்டுக் கடற்கரை ரிசார்ட்டுக்குப் போவதென்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். கிழக்கே ஒரு தீவு. பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் அந்த ஊர் அதிகாரிகள் மேல் பழி விழும், அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது. கிருஷ்ணப்பிரியா போனில் ஒரு படம் காட்டினாள். கடலைப் பார்த்தாற்போல் ஒரு மேஜை, அதன்மேல் துணி விரித்துத் தட்டு வைத்திருந்தது.

"காலைல டிபன், மத்தியானம் சாப்பாடு எல்லாம் அவங்களே குடுத்துடுவாங்க அத்தை. நீங்க போய் உக்காந்தா போதும்."

உட்கார்ந்தால் போதுமாம். வரலட்சுமிக்குக் கடல் மேல் பெரிய ஆசை ஒன்றுமில்லை. யாரோ ஆக்கி வைத்த சோற்றை, ஆறுவதற்குள், உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்காக மாங்காட்டு அம்மனுக்கு வாராவாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோய் வைத்தாள்.

லோகநாதன் முன்பு கத்திரிச் செடி போட்டிருந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அங்கே குடியிருக்கும் ரேஷ்மா அந்தத் தீவுக்கே ரெண்டு தடவை போய்வந்தவள். வரலட்சுமி அவளைத் தேடிப் போய் விவரம் கேட்டாள்.

"ஊறுகாய்லாம் பெரிய பெட்டில போட்டுடுங்க ஆன்ட்டி, கைப்பையில விடமாட்டாங்க. ரூம் கதவுக்கு ஒரு கார்டு தருவாங்க, அதை உள்ள செவுத்துல சொருகினாத்தான் லைட்டே எரியும். குட்டி பிரிட்ஜ்ல இருக்கறத தொட்டுடாதீங்க, பில்லு வந்து நிக்கும். கரையில சேப்புக் கொடி பறந்தா தண்ணில எறங்கக் கூடாது." ரேஷ்மா கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "முக்கியமா ஒண்ணு. உங்க பாஸ்போர்ட்டை யாருகிட்டயும் குடுக்காம உங்க கையிலயே வெச்சுக்குங்க. ரிசார்ட் அட்ரஸ் எழுதின சீட்டு, கொஞ்சம் அந்த ஊர் காசு, ரெண்டும் கூடவே இருக்கட்டும். கூட்டத்துல தனியா மாட்டிக்கிட்டாலும் போய்ச் சேர்ந்துடலாம்."

வீட்டில் ரேஷன் கார்டு முதல் பீரோ சாவி வரை லோகநாதன் கையில்தான். இருந்தும் வரலட்சுமி தன் பாஸ்போர்ட்டை மட்டும் மகனிடமிருந்து வாங்கித் தன் தோள்பைக்குள் ஜிப் போட்டு வைத்தாள். ரேஷ்மா சொன்ன சீட்டும் காசும் அதற்குள் போயின.

கிளம்புகிற வாரத்தில்தான் லோகநாதன் வாயைத் திறந்தார்.

"எனக்கு சக்கரை கீது. அவன் எந்த எண்ணெய்ல இன்னாத்த வறுக்கிறானோ, யாருக்குத் தெரியும்? கரண்டு குக்கரை எடுத்துக்கோ. ரூம்லயே ஆக்கிக்கலாம்."

"அங்கியுமா?" என்றாள் வரலட்சுமி.

"பின்ன? நான் பட்டினி கெடக்கணும்னு சொல்றியா?"

இதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசிப் பழக்கமில்லை. நிர்மல் போனைப் பார்த்துக்கொண்டு நழுவினான். பெரிய பெட்டியில் குக்கர், அரிசி, ரவை, சாம்பார்ப் பொடி, உளுத்தம்பருப்பு எல்லாம் ஏறின. அவள் புடவைகளுக்கு இடமில்லாமல் சின்னப் பையில் திணித்தாள். அடுப்படிதான் விமானம் ஏறப் போகிறது, துணைக்கு இவள் போகிறாள். பெட்டியை மூடும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை, விமானத்தில் சாப்பிடப் புளிசோறு கிளற வேண்டியிருந்தது.

கிளம்புகிற அன்று வெள்ளிக்கிழமை, பூஜை போட்டாள். புதுசாக எது வீட்டுக்குள் வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் அந்த வீட்டில் எடுக்க மாட்டார்கள். தண்ணீர் மோட்டாருக்கு வைத்தார்கள், பிரிட்ஜுக்கு வைத்தார்கள். நிர்மலின் முதல் லேப்டாப்பிலும் பொட்டு இருந்தது. பாஸ்போர்ட் மட்டும் என்ன பாவம் செய்தது? மகனின் பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். நீல அட்டையில் மஞ்சள் சரியாக ஒட்டவில்லை. முகத்துக்குத்தானே பொட்டு என்று உள்ளே பிரித்து, போட்டோவுக்குப் பக்கத்திலேயே மஞ்சளைக் குழைத்து வைத்து, மேலே குங்குமம் வைத்தாள். புருஷனுக்கு, மகனுக்கு, மருமகளுக்கு. எல்லாருக்கும் வைத்தாயிற்று என்று கற்பூரம் காட்டி, ஈரம் காய்வதற்குள் மூடிப் பையில் போட்டாள். தோள்பைக்குள் நாலாவதாக ஒன்று இருப்பது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை.

சென்னை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர், "சாமி கும்பிட்டுக் கெளம்பினீங்களா?" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். நம் ஊர்க்காரர். அவர் கண்ணுக்கு அது கறையாகவே தெரியவில்லை.

தீவில் போய் இறங்கியபோது விடிந்து வெயில் வந்திருந்தது. வரிசையில் லோகநாதன் அவளை முன்னே தள்ளினார். "நீ மொதல்ல போ. எதுனா கேட்டான்னா நான் பின்னால கீறேன்."

வரலட்சுமி கண்ணாடிக் கூண்டுக்குள் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அதிகாரி புரட்டினான், அவள் முகத்தைப் பார்த்தான், முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தான். அவள் அந்தப் பக்கம் போய் நின்றாள்.

அடுத்து லோகநாதன். போட்டோ இருந்த பக்கத்தைத் திறந்ததும் அதிகாரியின் முகம் மாறியது. ஈரத்தோடு மூடியதில் மஞ்சளும் குங்குமமும் எதிர்ப் பக்கத்திலும் ஒட்டி, பெயரும் எண்ணும் இருந்த இடமெல்லாம் சிவப்பாய்ப் பரவியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தான், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான், மேலதிகாரியைக் கூப்பிட்டான். நிர்மலுடையதும் கிருஷ்ணப்பிரியாவுடையதும் அதே கதிதான். நிர்மல் ஆங்கிலத்தில் என்னென்னவோ வாதாடினான். மேலதிகாரி பொறுமையாகத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, சேதமான பாஸ்போர்ட்டில் உள்ளே விட முடியாது, மத்தியான விமானத்தில் திரும்பிப் போக வேண்டும் என்று முடித்துவிட்டார்.

நடுவில் ஒரு நாடாக் கயிறுதான். அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் இவள். எல்லாம் தன் கையால் வந்தது என்று வரலட்சுமிக்குத் தெரிந்துபோயிற்று. திரும்பிப் போகலாம் என்று கயிற்றருகே வந்தாள். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கக்கூடத் தயாராகத்தான் வந்தாள்.

லோகநாதன் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டு வெச்சது நீதானே?"

"ஆமாங்க."

"எங்க மூணு பேர்துலயும் வெச்சிகினு உன்துல மட்டும் வெக்கல. அப்ப உனுக்குத் தெரிஞ்சிருக்குது. நீ மட்டும் தனியா போய் ஜாலியா இருக்கணும்னு பிளான் பண்ணிகினு வந்திருக்குற."

"ப்பா, இன்னா பேசற நீ?" என்றான் நிர்மல்.

எனக்கு என்னை மறந்துபோச்சு என்பதுதான் உண்மை. அதை எப்படிச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? ஆயுசில் தனக்கென்று ஒரு வாய்க் காபி எடுத்து வைக்காதவளைப் பார்த்து, கட்டினவன் இப்படிக் கேட்கிறான். வரலட்சுமிக்கு முதலில் வலித்தது. பிறகு கோபம் வந்தது. அவளுக்கே பழக்கமில்லாத கோபம்.

"இன்னும் இன்னா நிக்கிற? இந்தப் பக்கம் வா" என்றார் லோகநாதன். "மத்தியானம் சாப்பாட்டுக்கு வேற வழி பண்ணணும்."

அவள் தோள்பையைத் திறந்தாள். மிச்சமிருந்த புளிசோற்றுப் பொட்டலங்களையும் மோர்மிளகாய் டப்பாவையும் எடுத்து, பக்கத்தில் நின்ற காவலாளியிடம் சைகையால் அனுமதி கேட்டு, கயிற்றுக்கு மேலாக நீட்டினாள்.

"மூணு பேருக்கும் சரியா கீது. மாத்திரை நிர்மல் பையில கீது, சாப்பாட்டுக்கு முன்னால போட்டுக்கோங்க."

"உனுக்கு?"

"நான் போறேன்" என்றாள்.

லோகநாதன் பொட்டலத்தைக் கையில் வைத்தபடி நின்றார். கிருஷ்ணப்பிரியாதான் கயிறு வரை ஓடி வந்தாள். "போங்க அத்தை. ரிசார்ட்டுக்கு நான் மெசேஜ் போட்டுடறேன். சீட்டு இருக்குல்ல?"

"கீதும்மா."

உள்ளே பெட்டிகள் சுற்றி வந்துகொண்டிருந்தன. குக்கர் இருந்த பெரிய பெட்டி அவள் எதிரே வந்தது, போனது, மறுபடி வந்தது. அது அவர்களோடு திரும்பிப் போகட்டும் என்று விட்டுவிட்டுத் தன் சின்னப் பையை மட்டும் தூக்கிக்கொண்டாள். வெளியே டாக்சிக்காரனிடம் சீட்டைக் காட்டினாள். ஊருக்குத் திரும்பினால் என்ன காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சந்தேகத்தை லோகநாதன் சாகும்வரை விடமாட்டார். கல்யாணத்தில் சொல்வார், காரியத்தில் சொல்வார். வீடும் அதே வீடு, அடுப்பும் அதே அடுப்பு.

ரிசார்ட்டில் கார்டைச் சுவரில் சொருகினாள். விளக்கு எரிந்தது. முகம் கழுவி வந்தபோது வரவேற்பில் இருந்த பெண் அவள் போனில் வைஃபை போட்டுக் கொடுத்தாள். கொடுத்த கையோடு போன் அடித்தது.

"போய்ச் சேந்துட்டியா?" என்றார் லோகநாதன்.

"சேந்துட்டேங்க. சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டோம். புளிசோத்துல உப்பு கம்மி."

வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். வரலட்சுமி போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

படத்தில் பார்த்த அதே மேஜைகள்தான். கடல் பக்கத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. மற்றவர்கள் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கட்டும் என்பது போல நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பரிமாறுகிறவன் வந்தான். அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். பிறகு, எத்தனை பேர் என்று விரலை ஆட்டிக் கேட்டான்.

வரலட்சுமி ஒரு விரலைக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள்.