கம்பவுண்டர் ஊசிக்கு வாப்பா கொடுத்த சான்றிதழ்

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலியில் ஒரு ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். வெள்ளைக் கோட்டு போட்டவளும் நான்தான். அதைத் துவைத்து மேலப்பாளையத்து வீட்டு மாடியில் தெருவுக்குத் தெரிகிற பக்கமாகவே காயப்போடுவேன்.

அந்த வருஷம்தான் மஞ்சள்காமாலை 'சி' கிருமிக்கான பரிசோதனை எங்களிடம் வந்தது. தட்டில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். ரத்தத்தில் கிருமியின் அடையாளம் இருந்தால் கிண்ணம் மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீர் போலத் தெளிந்து கிடக்கும். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைத்திருந்தோம். ஒரு சொட்டுகூட ஏற்றிக்கொள்ளாத சிலருடைய கிண்ணங்களும் மஞ்சளாயின. விசாரித்தால், ஒரே ஊசியைப் பலருக்கும் போடுகிற இடங்களுக்கு அடிக்கடி போனவர்கள்.

எனக்கு எங்கள் தெருக் கம்பவுண்டரின் கண்ணாடி ஊசிதான் ஞாபகம் வந்தது. வெந்நீரில் ஒரு முக்கு, உடனே அடுத்த ஆள். ஆட்டோ ஓட்டும் வாப்பா முதுகுவலிக்கு மாதம் நாலு முறை அவரிடம் போவார். ஊசி போடாத டாக்டரை அவர் டாக்டராகவே மதிப்பதில்லை.

அந்த வாப்பா ஒருநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு ரத்தம் கொடுக்க வந்து நின்றார். "எம் மவ வேல பாக்குத எடம்" என்று காவலாளியிடமும் சொல்லியாயிற்று.

மறுநாள் அவருடைய கிண்ணத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்து வரிசையை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் பார்த்தேன். தெளிந்து கிடந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, கம்பவுண்டர் ஊசியால் அவருக்கு அந்தக் கிருமி ஒட்டவில்லை என்று சொன்னேன்.

வாப்பா புரிந்துகொண்டது வேறு. ஆட்டோவில் ஏறிய எல்லோரிடமும், "நம்ம கம்பவுண்டர் ஊசி சுத்தம்னு மிஷினே சொல்லிட்டு!" என்றிருக்கிறார். இரண்டே நாளில் கம்பவுண்டர் வாசலில் கூட்டம் இரண்டு மடங்கு.

"ஊசி சுத்தம்னு யாரு சொன்னா வாப்பா? உங்களுக்கு முன்னால உக்காந்தவங்களுக்கு நோய் இல்ல, தப்பிச்சீங்க. நாளைக்கு உம்மாவுக்கு முன்னால யாரு உக்காருவாளோ?"

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா ளா? ஊரு பூரா சொல்லிட்டேனே!" என்று வாப்பா தலையில் கை வைத்தார்.

மறுநாள் காலையில் கம்பவுண்டரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணாச்சியும் ரத்தம் குடுக்கணுமாம்."

அண்ணாச்சி முகத்தில் அப்படியொரு ஆசை தெரியவில்லை. நான் புது ஊசியின் உறையைப் பிரித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பைய குத்தும்மா."

"தெருவையே குத்துன ஆளு, இதுக்குப் பயப்படுதீரே வே!" வாப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரும் சிரித்துவிட்டார்.

ரத்தம் இறங்கி முடிந்தது. ஊசியை நான் வெட்டிப் போடுவதை அண்ணாச்சி உற்றுப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு ஒண்ணா?"

"ஆமா மாமா. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்."

"இது எங்கன கெடைக்கும்?"

வாப்பா என்னைப் பதில் சொல்ல விடவில்லை. "ஜங்ஷன்ல கெடைக்கும். வண்டி வெளிய நிக்கி. காப்பியக் குடிச்சிட்டு எந்திரியும் வே, போவோம்."