தூணுக்குப் பின்னால் ஒன்றரை அடி

என் மருமகன் மாட்டிய கேமரா, எறும்பு கொட்டாவி விட்டாலும் பதிந்துவைக்கும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். எறும்பு தெரியும், கொட்டாவி தெரியாது.

மனிதர் ஆரம்பத்தில் மொட்டைமாடிகளில் ஆன்டெனா திருப்பிக்கொண்டிருந்தவர். பிறகு கேபிள் இழுத்தார். அதுவும் படுத்துவிட்டபின் கேமராவுக்கு வந்தார். தரையில் நின்றால் வாயே திறக்கமாட்டார். ஏணிமேல் ஏறினால் நாலு வார்த்தை வரும். தொழில் பழகிய புதிதில் ஒரு மருந்துக்கடையில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ரெக்கார்டர் பெட்டிக்குள் டிஸ்க் வைக்க மறந்துவிட்டார். ஆறு மாதம் அந்தக் கடைக் கேமராக்கள் எல்லாவற்றையும் பார்த்தன, ஒன்றையும் ஞாபகம் வைக்கவில்லை. கடைக்காரர் பேசிய பேச்சில் காது புண்ணாகி, அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்: எங்கே போனாலும் முதலில் டிஸ்கை மாட்டிப் பதிவை ஓடவிட்டுவிடுவார். அப்புறம்தான் ஏணியை விரிப்பார்.

என் மகள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் பதினாறு கேமரா மாட்டும் வேலை இவருக்கே வந்து வாய்த்தது. மகளுக்குப் பேக்கிங் பிரிவு. காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றபடியே சட்டை மடிக்க வேண்டும். உட்கார்ந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். அவளுக்கோ காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக் கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பத்து நிமிடம் குந்தி எழுவாள். அந்தப் பத்து நிமிடம் இல்லையென்றால் அந்த வேலையே அவளால் ஆகாது. அவள் சம்பளம் இல்லையென்றால் வீட்டில் அடுப்பு பாதிதான் எரியும்.

"ஏங்க, அந்தப் பத்து நிமிஷத்தையும் நீங்களே புடுங்கிடுவீங்களா?" என்று கேட்டாள். மருமகன் தரையில் நின்றுகொண்டிருந்ததால் பதில் வரவில்லை.

ஆனால் மனதில் வைத்துக்கொண்டார். விடுமுறை நாளில் ஆள் இல்லாத கம்பெனியில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோது, சாப்பாடு கொண்டுபோன மகளைப் பேக்கிங் அறைக்கு அனுப்பிவிட்டு, தான் முதலாளி அறையில் திரைமுன் உட்கார்ந்துகொண்டார். பேச்செல்லாம் போனில்.

"இன்னும் உள்ள தள்ளு. தூணை ஒட்டி. கால் தெரியுது."

"காலை எங்கங்க வைக்கிறது, தலைமேலயா?"

"மடக்கு. இப்ப முழங்கை தெரியுது. ம்... போயிட்ட."

"எங்க போனேன்?"

"நீ இப்ப இந்த உலகத்துலயே இல்ல."

"அப்ப ராத்திரிச் சமையலை நீங்களே பாத்துக்கங்க."

தூணுக்குப் பின்னால் ஒன்றரை அடி. ஒரு பெண்பிள்ளை ஒடுங்கி உட்காரும் அளவு. அதற்காக ஏணி போட்டு ஒரு கேமராவின் கழுத்தை மயிரிழை திருப்பியும் வைத்தார்.

மறுநாள் முதலாளியிடம் ஒப்படைத்தார். முதலாளி ஒரு கையால் மறைத்துக்கொண்டு புது பாஸ்வேர்டு அடித்தார். பெட்டியை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டியும் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த மருமகன் தட்டின்முன் உட்கார்ந்து, சோற்றில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"என்ன மாப்பிள்ளை, உப்பு இல்லையா?" என்றேன்.

"டிஸ்க் உள்ள இருந்துச்சு அத்தை," என்றார்.

அவள் நடந்துபோனது, ஒவ்வொரு அங்கமாக மடங்கியது, மறைந்தது, இவர் ஏணி ஏறிக் கேமராவைத் திருப்பியது, எல்லாம் நாலு பக்கத்திலிருந்தும் பதிவாகியிருந்தது. முதலாளி அந்த நாளைத் திறந்து பார்த்தால் இவளுக்கு வேலை போகும். இவரை நம்பி இனி எவரும் ஒரு பல்பு மாட்டக்கூடக் கூப்பிடமாட்டார்கள்.

"தானா அழியாதா அது?"

"டிஸ்க் ரொம்பினா பழசு அழியும். ஆனா அசைவு இருந்தா மட்டும் பதியற மாதிரி வெச்சிருக்கேன். மெதுவாத்தான் ரொம்பும்." தலையைக் குனிந்துகொண்டார். "மத்தவங்க வெச்சா பதினஞ்சு நாள் நிக்கும், நான் வெச்சா நாப்பது நாள் நிக்கும்னு முதலாளிகிட்ட நான்தான் சொன்னேன்."

அன்றிலிருந்து வீட்டுக்குள் காற்று போதவில்லை. போன் அடித்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், எடுக்கமாட்டார்கள். மருமகன் எங்கள் சமையலறைக்குள் நுழைந்தாலும் முதலில் மூலை உத்தரத்தை நிமிர்ந்து பார்ப்பார். மகளோ பயத்தில் தூண் பக்கமே போகவில்லை; முழுநாளும் நின்றுவிட்டு வந்து, மூன்று தலையணைமேல் காலைத் தூக்கிவைத்துச் சுவரைப் பார்த்துக் கிடப்பாள்.

பிறகு ஒருநாள் லென்ஸ் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மருமகன் கம்பெனிக்குப் போனார். பேக்கிங் அறைக்குப் பக்கத்தில்தான் நீராவி இஸ்திரி. அந்தப் புழுக்கத்துக்காக எக்ஸாஸ்ட் ஃபேன் ராப்பகலாக ஓடும். அதன் கம்பியில் நாலு துணிக்கிழிசலைக் கட்டிவிட்டு வந்தார். கிழிசல் ஆட ஆட, கேமராக்கள் அதை மும்முரமாகப் பதிந்தன. டிஸ்க் வேகமாக ரொம்பியது. நாற்பது நாள் இருபத்தெட்டாகக் குறையும் என்று காலண்டரில் கோடு போட்டுக் காட்டினார்.

இருபத்தெட்டும் கழிந்தது. இருபத்தொன்பதாம் நாள் பதிவு போன இடம் தெரியவில்லை, மருமகன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார், முதலாளி காதுக்கு ஒன்றும் எட்டவில்லை, என் மகள் தூணுக்குப் பின்னால் மகாராணி மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தாள்.

இதுவரை எழுதியதை என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்த மகள் சொன்னாள்:

"அம்மா, கதை விட்டது போதும். இருபத்தொம்பதாம் நாள் முதலாளி இவரைக் கூப்பிட்டார். நேரா அந்தத் தூண்கிட்டப் போய் நின்னு, 'இங்க ஒண்ணு குறையுது'ன்னார். வேற ஒரு வார்த்தை பேசல. பதிவைப் பாத்தாரா, பாக்கலையா, எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்தப் பதினேழாவது கேமராவை மாட்டினது இவர்தான். நான் பக்கத்துலயே நின்னு சட்டை மடிச்சுக்கிட்டிருந்தேன்."