தொலைந்த கிணறும் ஒன்பதாம் தரமும்

போர் முடிந்து, முகாம்களில் இருந்த சனங்கள் மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள தங்கள் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பாப்பாமோட்டைக்குக் கிட்டவுள்ள ஒரு சின்னப் பாடசாலைக்கு என்னைப் புவியியல் படிப்பிக்க மாற்றிவிட்டார்கள். மன்னார்த் தீவில், கீரியிலுள்ள என் வீட்டிலிருந்து விடியவே வெளிக்கிட்டு, பாலம் கடந்து, பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேரும்போது புழுதியில் சேலையின் நிறமே மாறியிருக்கும். பாடசாலைக்குப் பாதிக் கூரை தகரம், மீதி தறப்பாள். மின்சாரம் கிடையாது.

ஆனால் என்னிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. அதோடு, கணினியை வைத்துப் பிள்ளைகளை ஈர்க்கும்படி படிப்பிப்பது எப்படி என்று ஒரு செயலமர்வுக்கும் போய்வந்திருந்தேன். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆசிரியைக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

பாடம், வரைபட அளவுத்திட்டம். புத்தகத்தில் இருந்ததோ எங்கேயோ ஓடுகிற ஒரு ஆறு. அதை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் சொந்த ஊரையே காட்டுவோம் என்று நினைத்தேன். மன்னார் ரவுனில் இணைய வசதியிருந்த ஒரு கடையில் குந்தியிருந்து ஊரின் செய்மதிப் படத்தைத் தேடினேன். புதுப் படத்தில் ஊருக்கு மேலே முகில் மூடிக்கிடந்தது. இடம்பெயர்வுக்கு முன்னர் எடுத்த பழைய படம் ஒன்று பளிச்சென்று இருந்தது. தெளிவாக இருந்தால் போதும்தானே என்று அதையே எடுத்துக்கொண்டு போனேன்.

படத்தைத் திறந்ததும் ஒன்பதாம் தரம் முழுவதும் திரையைச் சுற்றி மொய்த்தது. அவர்களுடைய வீடுகள் எல்லாம் கூரையோடு நின்றன. அந்தக் கூரைகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. பிள்ளைகளை அழவைக்கப் போகிறேனே என்று பயந்தேன். நடந்தது வேறு. “தள்ளடா, எங்கட வளவை மறைக்காத” என்று அடிபடத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தத் தள்ளுமுள்ளுக்குள் ஒருத்தி என் சேலையை இழுத்து, “ரீச்சர், இதில கிணறு தெரியுமோ?” என்று கேட்டாள். வகுப்பிலேயே பெரிய வாயாடி அவள். அன்று குரல் இறங்கியிருந்தது.

விஷயம் இதுதான். அவளுடைய தகப்பன் போரில் இறந்துவிட்டார். தாயும் அவளும் திரும்பி வந்தபோது வீடு இருந்த அடையாளமே இல்லை. இடிபாட்டை யாரோ வழித்து மட்டப்படுத்தியிருந்தார்கள். அதற்கு மேல் ஆளுயரப் பற்றை. மிதிவெடி அபாயம் இல்லையென்று அந்தப் பகுதியை விடுவித்துவிட்டார்கள். கிணறு எங்கே என்றுதான் தெரியவில்லை. அடுத்த கிழமை கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க இயந்திரத்தோடு ஆட்கள் வரவிருந்தார்கள். கிணற்றைக் காட்டுகிறவர்களுக்குத்தான் இறைத்துக் கொடுப்பார்கள். காட்ட முடியாவிட்டால், தண்ணீர்ப் பவுசர் வரும்வரை வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தோம். அவர்களின் கூரைக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி. “அதுதான் ரீச்சர், அதுதான்” என்றாள். அதற்குப் பிறகு நான் படிப்பிக்கத் தேவையே இருக்கவில்லை. அளவுத்திட்டம் என்றால் கொட்டாவி விடும் பிள்ளைகள், அடிமட்டத்தைத் திரையில் வைத்து, றோட்டு வளைவிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டார்கள்.

அடுத்த நாள் பின்னேரம், அதிபரிடம் அனுமதி வாங்கி வகுப்போடு போனேன். அவளுடைய தாயும் வந்தார். பக்கத்துக் காணிக்காரரும் கத்தியோடு இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். மூடிக்கிடக்கும் கிணற்றுக்குள் பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதென்று, அவர்களை றோட்டிலேயே நிறுத்தி, கணக்குக்கு அளந்து கொண்டுவந்த கயிற்றின் தலைப்பைப் பிடிக்கச் சொன்னேன். பெரியவர்கள் நாங்கள் நிலத்தைத் தடியால் குத்திக் குத்திக் கயிற்றோடு உள்ளே போனோம். கணக்குச் சொன்ன இடத்தில் ஒரு பாம்புப் புற்று இருந்தது.

“ரீச்சர், உங்கட படத்தில ஆட்டுப்புழுக்கையும் தெரியுமோ?” என்று பக்கத்துக் காணிக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தாய் சிரிக்கவில்லை. “பரவாயில்லை ரீச்சர், உங்களுக்குப் பஸ் போயிடும், போங்கோ” என்றார். அந்தப் ‘பரவாயில்லை’தான் என்னைச் சுட்டது. தண்ணீருக்குத் தவிக்கிற ஒரு மனுசிக்கு வீணாக ஆசைகாட்டிவிட்டேனே என்று வெட்கமாகப் போய்விட்டது.

அப்போது றோட்டிலிருந்து அந்த வாயாடி கூப்பிட்டாள். “ரீச்சர், இது அந்த றோட்டில்லை.”

அவள் சொன்னது சரி. போருக்குப் பிறகு இயந்திரம் கொண்டுவந்து, கிரவல் மண் கொட்டி, றோட்டை நேராக்கியிருந்தார்கள். பழைய வளைவு பற்றைக்குள் போய்விட்டது. நாங்கள் கணக்குப் போட்டது பழைய வளைவிலிருந்து, கயிறு பிடித்ததோ புது வளைவிலிருந்து. செயலமர்வுக்கெல்லாம் போய்வந்த என் மண்டையில் இது ஏறவேயில்லை.

“அப்ப, படத்தில இருக்கிறதில அசையாத சாமான் எது? சொல்லுங்கோ பாப்பம்” என்றேன். பனை என்றார்கள், எந்தப் பனை என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. கோயிலின் சுவர் புதிது, ஆனால் மூலஸ்தானம் பழைய இடத்தில்தான் இருக்கிறது என்றார்கள். பிறகு, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வருகிற வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிடும் துருசு. அந்தக் கொங்கிறீற்றை ஒருவரும் அசைக்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த கணினியின் பற்றறி சாகக் கிடந்தது. அது அணைவதற்குள் கோயிலிலிருந்தும் துருசிலிருந்தும் கிணற்றுப் புள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று திரையில் அளந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வீடு கயிறு வாங்கி முடிந்து, ஒன்றைக் கோயிலிலிருந்தும் மற்றதைத் துருசிலிருந்தும் இழுத்தோம். இரண்டும் முட்டிய இடம், அந்தப் புற்றையும் தாண்டி ஒரு விடத்தல் முட்பற்றை. பக்கத்துக் காணிக்காரர்தான் முதலில் தடியை ஊன்றினார். தடி கொடிகளுக்குள் போனது, போய்க்கொண்டே இருந்தது. அவர் மெதுவாகச் சொன்னார்: “ஒருத்தரும் அசையாதேங்கோ.”

கொடிகளை வெட்டி விலக்கினால், கட்டு உடைந்து நிலமட்டத்தில் வாயைத் திறந்தபடி கிணறு. அதன் ஓரத்தோடு ஒரு ஒற்றையடிப் பாதை போனது. மகள் ஒவ்வொரு நாளும் விறகு பொறுக்கப் போய்வந்த பாதை.

“இதுக்குப் பக்கத்தாலயோ நீ விறகுக்குத் திரிஞ்சனி?” என்று தாய் றோட்டுக்கு ஓடிப்போய் மகளின் முதுகில் ஒரு அடி போட்டார். பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அடிவாங்கியவள் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. பஸ்ஸும் போய்விட்டது, அன்று ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் குந்திக்கொண்டுதான் பிரதான வீதிக்கு வந்தேன்.

சொன்னபடி ஆட்கள் வந்து கிணற்றை இறைத்தார்கள். பிறகு ஒரு நாள் அவள் பெரிய போத்தலில் தண்ணீரோடு வகுப்புக்கு வந்து, எல்லோருக்கும் ஒவ்வொரு மிடறு ஊற்றினாள். நான் குடிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு, “சவரோ ரீச்சர்?” என்று கேட்டாள். நாக்கில் கொஞ்சம் உப்புக் கரித்தது, சவர்தான்.

“எங்கட தீவுத் தண்ணியைக் குடிச்சுப் பாத்தியெண்டால் இதைச் சவர் எண்டு சொல்லமாட்டாய்” என்றேன்.

இப்போது நான் படிப்பிக்கிற வகுப்பறையில் தொட்டவுடன் படம் விரிகிற பெரிய திரை இருக்கிறது, பிள்ளைகளும் ரசித்துத்தான் படிக்கிறார்கள். ஆனால் விடை சரியா பிழையா என்று குடித்துப் பார்த்த பாடம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.