பேரைச் சொல்லுங்க, டொக்டர்

எண்பத்தேழில் ஓர் ஊரடங்கு நாள். டொக்டர் சோதிலிங்கத்தின் முணுமுணுப்பு விளங்கிய ஒரே தாதியால் கண்டி ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக, கெலிஓயாவிலிருந்து அம்புலன்ஸில் வந்த தாதி ரபீகா சத்திரசிகிச்சைக்கு நின்றார்.

டொக்டர் கையை நீட்டி, "அதைத் தாங்கோ" என்று முணுமுணுத்தார். ரபீகா கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

"அதில்லை, மற்றது!"

இடுக்கியைக் கொடுத்தார். டொக்டர் அதை வீசியெறிந்தார்.

ரபீகா அசையவில்லை. "எல்லாத்துக்கும் ஒரு பேர் இருக்குதானே டொக்டர்? பேரச் சொல்லுங்க, தாறேன்."

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போயிருந்த நோயாளி, கம்பளைத் தோட்டத் தொழிலாளி, திரைக்கு அப்பாலிருந்து கெஞ்சினார்: "சொல்லிடுங்க ஐயா, அது என்னோட காலுங்க."

டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேட்டார். காலும் பிழைத்தது. அடுத்த வாரம் ரபீகாவைத் தன்னோடு வேலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். பதினொரு வருடம் இருவரும் சத்தமாகவே வேலை செய்தார்கள்.