கறுப்புப்படத்தார் வீட்டு உபயம்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மறதியும் கூடிவிட்டது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆனால் ஐயாவின் சட்டைப்பையில் இருந்த அந்தப் படத்தின் மணம் மட்டும் மறக்கவில்லை, உப்பும் வெங்காயமும் சுருட்டும் கலந்த மணம்.

ஐயா சரக்குக் கப்பலின் குசினியில் சமையல் வேலை செய்தவர். ஒருமுறை கப்பல் அவுஸ்திரேலியாவுக்கும் கீழே, குளிர்க்கடலால் போனபோது, தெற்கு வானத்தில் வெளிறிய புகை மாதிரி ஒரு வெளிச்சம் எழும்பி, திரைச்சீலையாக நெளிந்து, ஓரத்தில் கொஞ்சம் ரோசா நிறமும் காட்டியதாம். கூட வேலை செய்தவரின் கமராவை இரவல் வாங்கிப் பிடித்த படம் கழுவி வந்தபோது முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பைத்தான் லீவில் வந்த ஐயா சந்திக்கடையில் நாலு பேருக்கு நீட்டி, "இதுக்குள்ளதான் இருக்கு, வடிவாப் பாருங்கோ" என்றார்.

கடைக்காரரின் மகன் தம்பிராசா, என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெடியன், படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது எங்கட வீட்டுத் தோசைக்கல்லெல்லோ!" என்றான். கடையே சிரித்தது.

எங்கள் ஊரில் ஒரு குடும்பத்துக்குப் பட்டம் விழுந்தால் விழுந்ததுதான். அன்றிலிருந்து நாங்கள் "கறுப்புப்படத்தார்". பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் தம்பிராசா தொடங்கிவைக்க மற்றப் பெடியளும் சேர்ந்து கத்த, நான் அழுது அழுது கடைசியில் வீட்டோடு நின்றேன். "கண்டதைச் சொன்னன், அவ்வளவுதான்" என்ற ஐயா, சாகும்வரை கடலைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை.

பட்டத்துக்கு விசா தேவையில்லை. அது எனக்கு முன்னமே ஜேர்மனிக்கு, இந்த டுசல்டோர்ஃப் நகரத்துக்கு வந்துவிட்டது, தம்பிராசாவோடு. கோயிலிலும் கல்யாண வீட்டிலும், "இவ ஆரெண்டு தெரியுமோ? கறுப்புப்படத்தாற்ற பெட்டை" என்று சொல்லிச் சிரிப்பார். நான் குனிந்து சோற்றைப் பிசைவேன், உள்ளுக்குள் கறுவிக்கொண்டு. அண்மையில் ஒருநாள் இரவு இங்கேயும் வானம் சிவந்து எல்லோரும் போனோடு வெளியே ஓடியபோது, "பாருங்கோ, ஐயா சொன்னது இதுதான்" என்று முதன்முதலாக வாய் திறந்தேன். "அது வடக்குப் பக்கம். கொப்பர் சொன்னது தெற்கெல்லோ?" என்றார் தம்பிராசா. அதோடு நான் முடிவெடுத்துவிட்டேன்.

என் பேத்தி அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கே, தாஸ்மேனியாத் தீவில் படிக்கிறாள். அந்தத் தெற்கு வெளிச்சத்தைப் படம் பிடித்துத் தரச்சொல்லி அவளிடம் கேட்டேன், பல நாள் காத்திருந்து பிடித்து அனுப்பினாள். "அம்மம்மா, வெறுங்கண்ணுக்குப் புகை மாதிரித்தான். கமராவை அசையாமல் நிறுத்தி, கொஞ்சநேரம் திறந்து வைச்சாத்தான் நிறம் பிடிபடும். டக்கெண்டு அமத்தினா கறுப்புத்தான் வரும். ஆடுற கப்பலில அவர் பாவம் என்ன செய்யிறது?"

அந்தப் படத்தைக் கதவளவு பெருப்பித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கோயில் ரியூப்லைட்டில் எழுதுகிற மாதிரி அடியில் பொன்னெழுத்தில் போடுவித்தேன்: "தெற்கு வானம். உபயம்: கறுப்புப்படத்தார் குடும்பம்."

தம்பிராசாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் நிறைந்த சனம். சுற்றியிருந்த தாளைப் பிரித்ததும் பச்சையும் சிவப்புமாகப் படம் தெரிய, அவருடைய பேரப்பிள்ளைகள் "போலார்லிஷ்ட்!" என்று துருவ ஒளிக்கு ஜேர்மன்காரர் சொல்கிற பெயரைக் கத்திக்கொண்டு பாய்ந்து வந்தார்கள். என் ஐயா கப்பலில் இருந்து கண்டதும் இதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். "அப்பப்பா, இதைக் கண்ணால கண்ட ஆளை உங்களுக்குத் தெரியுமோ?" என்றான் ஒருவன். மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. "ஓம்… தெரியும்" என்றார்.

நான் கிட்டப் போய், "என்ன தம்பிராசா அண்ணை, தோசைக்கல்லோ?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவருடைய மருமகள் அதை அவர் வீட்டில், அவர் கதிரைக்கு நேரெதிரே, ரீவிக்கு மேலே மாட்டிவிட்டா. வருகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள். அவர் என் ஐயாவின் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பாவமென்று எனக்குத் தோன்றவில்லை. சந்திக்கடை இப்போது இல்லை, அந்தக் கறுப்புப் படம் சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்த ஓட்டத்தில் தொலைந்தது, சிரித்தவர்களும் போய்விட்டார்கள். மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்.

கடலும் வானமும் தெரிந்தவர்கள் யாரும் இதை வாசித்தால், சரக்குக் கப்பல் போகிற வழியில் அந்த வெளிச்சம் தெரியுமோ என்று ஒருக்கால் சரிபார்த்துச் சொல்லுங்கோ. பிழையென்றால் எனக்கு மட்டும் சொல்லுங்கோ. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.