‘நீர்’ ஓவியத்தில் நீரைத் தேடியவர்

யோகன் அண்ணை சவூதியின் தம்மாமில் காலமானார் என்ற செய்தி வெள்ளிக்கிழமை காலை நம் பழைய கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தீர்கள். எனக்கு அது போதவில்லை.

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவிலிருந்த அந்த டைல்ஸ் கம்பெனியில் அவர் தரம் பார்ப்பவர். யாழ்ப்பாணத்துக் குருநகர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. நான் கோயம்புத்தூரிலிருந்து வந்த டிசைனர். ஒரு மீன் உணவகம் தன் சுவருக்கு ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியம் ஒன்றைக் கேட்டது. பெயர் ‘நீர்’. மீனும் நண்டும் ஆமையும் நெருக்கியடித்து ஒரு மனிதத் தலையாக நிற்கும். காதில் முத்து வேறு.

அச்சான டைல்கள் சூளைக்குப் போகவிருந்தபோது அண்ணை வரிசையை நிறுத்தினார்.

“தங்கச்சி, மூலப் படத்திலை இந்த மீனிலை சிவப்பா ஒண்டு இருந்ததெல்லோ, எங்கை?”

“கறைன்னு நினைச்சு அழிச்சுட்டேன் அண்ணா.”

“அது ஊத்தையில்லை, செவுள். அது இல்லாமல் மீன் எப்பிடி மூச்சு விடும்?”

நான் நம்பவில்லை. அண்ணை மதிய இடைவேளையில் சந்தைக்குப் போய் ஒரு மீன் வாங்கிவந்து, என் மேசையிலேயே செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினார். அதே சிவப்பு.

மேலாளர் வந்து இந்தியில் கத்தினார். நிறுத்தியது யார் என்றதும் “நான்தான்” என்றார் அண்ணை. தவறு யாருடையது என்றபோது மட்டும் வாய் திறக்கவில்லை. என் விசா புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. “தப்பு என்னுடையது சார்” என்றேன். கால் மணி நேரம் திட்டு. பிறகு, மறுபடி அச்சடிக்க அனுமதி. வேலையும் தப்பியது.

உணவகச் சுவர் முடிந்ததும் இருவரும் பார்க்கப் போனோம். அண்ணை வெகுநேரம் நின்று பார்த்தார்.

“எல்லாம் கிடக்கு. தண்ணி எங்கை? ஒரு துளி இல்லையே!”

“தண்ணியில வாழ்றதெல்லாம் சேர்ந்து தண்ணியைக் குறிக்குது அண்ணா.”

“அப்ப வளைகுடாவைப் படமாக் கீறுறதெண்டால் எங்களை அடுக்கலாம்” என்று சிரித்தார்.

புரியாததை அழிக்குமுன் தெரிந்தவரிடம் கேட்பது, அவரிடமிருந்து என்னிடம் தங்கிய பழக்கம்.

நேற்று யாழ்ப்பாணத்திலிருக்கும் அவர் மனைவியிடம் பேசினேன். என் பெயரைச் சொன்னதும் கேட்டார்: “பிழை என்ரை எண்டு மனேச்சரிட்டைச் சொன்ன பிள்ளை நீங்களோ?” அந்தக் கதையை அண்ணை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறாராம். தான் மீன் வாங்கிவந்து காட்டியதைச் சொன்னதேயில்லையாம்.