ரெபேக்கா கீழே இறக்கிய நால்வர்

செவ்வாய்க்கிழமை காலை வேப்பம்பட்டிலிருந்து ரெபேக்காவின் தம்பி போனில் பேசினார். "அக்கா போய்ட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சு." "எப்போ எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பி ஆலையில் வேலை செய்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். ஓடும் இயந்திரத்தின் மேல் சென்சாரை ஒட்டி, அதிர்வை வரைபடமாக எடுத்து, உள்ளே எது கெட்டிருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. நான் பராமரிப்புப் பொறுப்பாளன். அவர் சொன்னதைக் கேட்பதும் கேட்காததும் என் கையில் இருந்தது.

ஒருமுறை அவர் பேச்சை நம்பி ஒரு பம்பை நிறுத்திப் பிரித்தோம். பேரிங் புத்தம் புதிதாக இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ரெபேக்கா நேரே போய் அறிவிப்புப் பலகையில், "கணிப்பு தவறு. தவறியது நான்" என்று எழுதிப் பெயரும் போட்டுவிட்டு வந்தார். எங்கள் ஆலையில் வேறு யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதமே உலைப் புகையை இழுக்கும் பெரிய விசிறியை நிறுத்தச் சொல்லி வந்தார். பேரிங் போய்விட்டது என்றார். நான் விசிறியின் வேகத்தை மாதாமாதம் எழுதிவைக்கும் படிவத்தைக் காட்டினேன். அதிலிருந்த வேகத்துக்கு அவருடைய வரைபடம் எந்தப் பழுதோடும் பொருந்தவில்லை.

"படிவத்துல இருக்கறது மோட்டார வச்சுப் போட்ட கணக்கு சார். மாசா மாசம் அதையே எழுதிக்கினு வர்றோம். பெல்ட் வழுக்குது. ஃபேன் இன்னா வேகத்துல சுத்துதுன்னு ஃபேன்கிட்டதான் கேக்கணும்."

விசிறிக்குப் பன்னிரண்டு இறக்கை. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு துடிப்பு. வரைபடத்தில் அந்தத் துடிப்பைத் தேடிப் பிடித்துப் பன்னிரண்டால் வகுத்துக் காட்டினார். விசிறி நாங்கள் எழுதியதைவிட மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தை வைத்துப் பார்த்தால், நான் வெறும் இரைச்சல் என்று தள்ளிய கோடு பேரிங்கின் வெளிவளையப் பழுதின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

எனக்குப் புரிந்தது. இருந்தும், விசிறியை நிறுத்தினால் உலை நிற்கும், சாயங்காலம் லாரி ஏற வேண்டிய கம்பி நிற்கும். பம்பைப் பிரித்து ஏமாந்ததும் நினைவுக்கு வந்தது. "மூணு மணிக்கு ஷிப்ட் முடியட்டும்" என்றேன்.

"அதுவரைக்கும் தாங்காது சார். அப்ப மேல வெல்டிங் பண்ற நாலு பேரையாவது எறக்குங்க."

"பாக்கலாம்."

அவர் வெளியே போனார். எனக்குச் சங்கடமாக இருந்தது. கதவு வரை போய் நின்றேன். விசிறிக்குப் பக்கத்து மேடையில் முருகேசனும் மற்ற மூவரும் குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். ரெபேக்கா கீழே நின்று அவர்களை இறங்கச் சொன்னார்.

"இன்னா மேடம், பாதி வேலைல பேஜார் பண்றீங்க?" என்றார் முருகேசன்.

"திட்டறத எறங்கி வந்து திட்டு."

அவர்கள் அசையவில்லை. ரெபேக்காவுக்கு அவர்களை இறக்க அதிகாரமும் இல்லை. அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "சார் எறங்கச் சொன்னாருப்பா. வாங்க."

இறங்கினார்கள். நான் கதவருகிலேயே நின்றேன். கேட்டும் கேட்காதவன்போல உள்ளே திரும்பிவிட்டேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பேரிங் உடைந்து, தண்டு முறிந்து, விசிறி உறையைக் கிழித்துக்கொண்டு அந்த மேடையில் விழுந்தது. ஓடிப் போய்த் தலைகளை எண்ணினேன். நாலும் இருந்தன.

அறிக்கையில், "பராமரிப்புப் பொறுப்பாளரின் உத்தரவுப்படி ஊழியர்கள் முன்கூட்டியே அகற்றப்பட்டனர்" என்று எழுதினேன். ரெபேக்கா படித்தார். "ஆளுங்க நல்லா கீறாங்க இல்ல சார், அது போதும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் முருகேசன் தேர்வாய் கண்டிகையிலிருந்து குடும்பத்தோடு என் வீட்டுக்கு வருகிறார். "இந்த சாராலதான் அப்பா உசிரோட இருக்கேன்" என்று மகளை என் காலில் விழச் சொல்கிறார். நானும் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்புகிறேன். ரெபேக்காவுக்குச் சேர வேண்டியது என்று என்னிடம் இருப்பது அந்தக் கும்பிடுதான்.

முருகேசா, அன்று நான் இறங்கச் சொல்லவில்லை.